தாழ்ப்பாளுடன் ஒரு கழிவறை

மார்ச் மாதம் வந்தால் கட்டுமானத் துறைப் பெண்களுக்கு எங்காவது ஒரு கூட்டம் நடக்கும். ஹோட்டல் மண்டபம், ஊதா நிறப் பதாகை, மேடையில் நான்கு நாற்காலிகள், நான்கு பெண்கள். கேள்விகள் வருடா வருடம் மாறுவதில்லை. வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உங்களுக்கு முன்மாதிரி யார்? இளம் பெண்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? கடைசியில் யாராவது ஒருவர் "தைரியமா வாங்க" என்பார். கைதட்டல். கேக்.

கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். கேக் நன்றாகவே இருந்தது. மேடையில் இருந்தவர்கள் யாரும் பொய் சொல்லவுமில்லை. ஆனால் திரும்பி வரும்போது எல்.ஆர்.டி.யில் உட்கார்ந்து யோசித்தால், மறுநாள் காலை சைட்டில் எனக்குப் பயன்படக்கூடிய ஒரு வரிகூட அதில் இல்லை என்று தோன்றும். தைரியம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் இந்தப் படிப்புக்கே வந்திருக்க மாட்டோம். எங்களுக்குக் கிடைக்காதது வேறு ஒன்று.

நான் கட்டடக் கலைஞர் இல்லை, சிவில் எஞ்சினியர். ஸ்கூடாய் யூ.டி.எம்.மில் படித்துவிட்டு கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். ஆர்கிடெக்ட் வரைவதை நிற்க வைப்பது எங்கள் வேலை. அவர்கள் தூணே இல்லாத கூடம் கேட்பார்கள், நாங்கள் தூணை எங்கே ஒளிப்பது என்று கணக்குப் போடுவோம். ஆனாலும் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆர்கிடெக்ட். ஒரு பெண். பெயரை எழுதக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன். கூப்பிடுவதும் அப்படித்தான்.

*

மலேசியாவில் ஒருவர் ஆர்கிடெக்ட் ஆவதற்கு நீண்ட காலம் பிடிக்கும். மூன்று வருட இளங்கலை, பிறகு இரண்டு வருட முதுகலை. இவற்றை பார்ட் ஒன், பார்ட் டூ என்பார்கள். அதன் பிறகு குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்து, செய்த வேலையை லாக் புக்கில் பதிந்து, பார்ட் த்ரீ தேர்வு எழுதவேண்டும். தேறியவர்கள் லெம்பாகா ஆர்கிடெக் மலேசியாவில் பதிந்துகொண்டு பெயருக்கு முன்னால் 'ஏஆர்' என்று போட்டுக்கொள்ளலாம். எஞ்சினியர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். பட்டம் வாங்கிய பிறகு மூன்று வருட அனுபவமாவது காட்டவேண்டும். எங்கள் எழுத்து 'ஐஆர்'.

இந்த இரண்டு எழுத்துக்கு அப்படி என்ன மரியாதை என்று கேட்டால், கையெழுத்து. முன்பெல்லாம் கட்டடம் முடிந்ததும், உள்ளே ஆள் குடியேறலாம் என்ற சான்றிதழை ஊராட்சி மன்றம் கொடுக்கும். 2007இல் அது மாறியது. இப்போது சி.சி.சி. என்று சொல்லப்படும் அந்தச் சான்றிதழைத் தருபவர், பெரும்பாலும் வரைபடங்களைச் சமர்ப்பித்த ஆர்கிடெக்ட் அல்லது எஞ்சினியர். அதற்கு முன்னால் ஜி1 முதல் ஜி21 வரை 21 பாரங்கள் இருக்கின்றன. அஸ்திவாரம், கட்டமைப்பு, தண்ணீர்க் குழாய், மின்சாரம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வேலையைச் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்துப் போடவேண்டும். நாளைக்குத் தூணில் விரிசல் விட்டால் அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் வருவார்கள். எங்கள் துறையில் தலைமை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அந்தப் பாரத்தின் அடிப்பகுதியைத்தான் காட்டுவேன்.

அந்த இடத்துக்குப் போகும் வழி லாக் புக். அதை நிரப்புவது நாம்தான். ஆனால் எதைக்கொண்டு நிரப்புவது என்பது மேலே இருப்பவர் என்ன வேலை கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒரே ஆபிஸில் ஒரே நாளில் சேரும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனை சைட்டுக்கு அனுப்புவார்கள். கான்ட்ராக்டரோடு வாக்குவாதம், கால நீட்டிப்புக் கேட்டு வரும் கடிதங்கள், பேமென்ட் சர்டிபிகேட், கான்கிரீட் ஊற்றும் நாளில் பெய்யும் மழை எல்லாம் அவனுக்கு. இன்னொருத்திக்கு டைல்ஸ் நிறம், பிரசன்டேஷன் போர்டு, மீட்டிங் மினிட்ஸ், சமர்ப்பிக்க வேண்டிய தாள்களை அடுக்கும் வேலை. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. "உனக்குக் கலர் சென்ஸ் இருக்கு", "நீதான் நல்லா மினிட்ஸ் எழுதுவே", "வெயில்ல ஏம்மா அலையணும்?" எல்லாமே பாராட்டும் அக்கறையும்தான். இரண்டு வருடம் கழித்து இருவரின் லாக் புக்கும் ஒரே தடிமனில் இருக்கும். ஒப்பந்தம் பற்றியும் சைட் பற்றியும் கேள்வி வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

வயதையும் கணக்கில் சேருங்கள். 20 வயதில் தொடங்கி, எங்கும் தடங்காமல் போனாலும் அந்தத் தேர்வு 27, 28இல்தான் வரும். நம் வீடுகளில் அந்த வயதுப் பெண்ணுக்கு வேறு தேர்வு நடந்துகொண்டிருக்கும். எனக்கு 28. நன்றாகவே தெரியும்.

*

என் முதல் வேலை ஒரு கன்சல்டன்ட் நிறுவனத்தில். கணினி முன்னால் உட்கார்ந்து பீம், ஸ்லாப், தூண் என்று கணக்குப் போடுவேன். கணக்கு என்னுடையது, சைட்டுக்குப் போவது வேறொருவர். கேட்டால், "அங்க பொம்பளப் பிள்ளைக்கு வசதி இல்லம்மா" என்பார்கள். அது உண்மைதான். வசதி என்றால் என்ன என்று யாரும் விளக்கவில்லை. போனபிறகு தெரிந்தது. வசதி என்றால் கழிவறை.

இரண்டாவது வருடத்தில் நான்கு மாடி மாணவர் விடுதி ஒன்று வேலைக்கு வந்தது. அதற்கு ஆர்கிடெக்ட் அக்கா. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஐந்தாறு பேரோடு சொந்தமாக ஆபிஸ் நடத்திக்கொண்டிருந்தார். தோட்டத்துக் கிராணி ஒருவரின் மகள். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முதல் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் எங்கள் தரப்பில் பேசியவர் ஒரு சீனியர். இரண்டாம் மாடி பீமின் ஆழத்தைக் குறைக்க முடியுமா என்று அக்கா கேட்டார். சீனியர் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். நான் சொன்னேன். அவர் அதைச் சத்தமாகச் சொன்னார். இப்படி மூன்று கேள்விகள் போயின. நான்காவது கேள்வியை அக்கா நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். தமிழில் இல்லை, மேசையில் இருந்த எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில்.

அடுத்த வாரம் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அஸ்திவாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறை கான்கிரீட் ஊற்றும் முன்பும் கம்பிகளைச் சரிபார்க்க, கணக்குப் போட்ட எஞ்சினியரே சைட்டுக்கு வரவேண்டும். கீழே என் முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். பெண் என்றோ வாய்ப்பு என்றோ ஒரு சொல் கிடையாது. காரணம் ஒரே வரியில் இருந்தது: வரைபடத்தில் சந்தேகம் வந்தால் பதில் தெரிந்தவர் அங்கே நிற்கவேண்டும். மறுக்க முடியாத காரணம். யாரும் மறுக்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, அக்கா என்று கூப்பிடும் அளவுக்குப் பழகிய பிறகு, இதைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்காகத்தானேக்கா அந்த லெட்டர எழுதினீங்க?"

"உனக்காக இல்லம்மா, பீமுக்காக. ஒருத்தர் காதுல ஒருத்தர் ஓதி, அதக் கேட்டு நான் கட்டடம் கட்டணுமா?"

கிடைக்காதது வேறு ஒன்று என்று மேலே சொன்னேனே, அது இதுதான். அக்கா என்னிடம் "உன்னால முடியும்" என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. தோளில் தட்டியதும் இல்லை. என் பெயரை ஒரு கடிதத்தில் எழுதினார். அதன் பிறகு என்னை அனுப்பாமல் இருக்க அவர்களுக்கு வழியில்லை, போகாமல் இருக்க எனக்கும் வழியில்லை.

*

முதல் நாள் சைட்டில் அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. "உள்ள போனா முதல்ல கம்பியப் பாரு, அப்புறம் ஆளப் பாரு. ஆள முதல்ல பார்த்தா அவன் மூஞ்சிதான் தெரியும். கம்பி தெரியாது."

கம்பி எத்தனை, இடைவெளி எவ்வளவு, அடியில் கவர் விட்டிருக்கிறார்களா, ஸ்பேசர் நகர்ந்திருக்கிறதா, ஒரு கம்பியோடு இன்னொரு கம்பி சேரும் நீளம் போதுமா. இதெல்லாம் பல்கலைக்கழகத்தில் படித்ததுதான். ஆனால் வாசலில் கான்கிரீட் லாரி உருண்டுகொண்டு நிற்கும்போது, சேற்றில் நின்றபடி "இன்னைக்கு ஊத்தக்கூடாது" என்று சொல்வது எந்தப் பாடத்திலும் இல்லை. லாரியில் இருக்கும் கான்கிரீட் காத்திருக்காது, இறுகத் தொடங்கிவிடும். அதனால் எல்லோருடைய கோபமும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னவர்மேல்தான் திரும்பும்.

மூன்றாவது மாதத்தில் அப்படி ஒரு நாள் வந்தது. முதல் மாடி பீம் ஒன்றில், தூணோடு சேரும் இடத்தில் மேல்கம்பிகள் குறைவாக இருந்தன. வரைபடத்தில் ஐந்து, அங்கே மூன்று. நிறுத்தச் சொன்னேன். சைட் மேனேஜர் என்னோடு பேசவில்லை, என் எதிரிலேயே அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது.

"எஞ்சினியர் என்ன சொன்னாங்க?"

"நிறுத்தணும்னு சொல்றாங்க மேடம்."

"அப்ப அதான்."

அவ்வளவுதான். போன் கட். லாரி திரும்பிப் போனது. அந்த லாரிக்கான செலவை யார் ஏற்பது என்று பிறகு முதலாளி தரப்பிலிருந்து வந்த நீண்ட தொலைபேசி அழைப்பை எடுத்தவரும் அக்காதான். எனக்கு அது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது. ஒருவருக்கு நாற்காலி போட்டுக்கொடுப்பது ஒரு பாதி. அவர் அதில் உட்கார்ந்து பேசிய பிறகு வரும் வசவில் பங்கெடுப்பது மறுபாதி. மேடைகளில் முதல் பாதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இனி கழிவறை. அந்த சைட்டில் ஆண்களுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கதவுக்குப் பதில் கேன்வாஸ். நான் காலையில் பசியாறும்போது தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன். முடியாவிட்டால் காடியை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் தள்ளி இருக்கும் பெட்ரோல் நிலையத்துக்குப் போவேன். இந்தத் துறையில் இருக்கும் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் தன் சைட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பெட்ரோல் நிலையம் சுத்தம் என்று சொல்வாள்.

அக்காவின் அடுத்த வேலை ஒரு மருத்துவ மையம். அதிலும் நாங்கள்தான் எஞ்சினியர்கள். டெண்டருக்கு முன்னால் பி.கியூ. எனப்படும் அளவைப் பட்டியல் பார்வைக்கு வந்தது. அதன் முதல் பகுதியை பிரிலிமினரிஸ் என்பார்கள். வேலி, அறிவிப்புப் பலகை, சைட் ஆபிஸ், தண்ணீர், மின்சாரம் என்று கட்டடம் எழும்புவதற்கு முன் தேவைப்படும் எல்லாவற்றுக்கும் கான்ட்ராக்டர் அங்கே விலை போடவேண்டும். அதில் புதிதாக ஒரு வரி இருந்தது. பெண்களுக்குத் தனிக் கழிவறை ஒன்று. உட்புறத் தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, மூடியுள்ள குப்பைத்தொட்டி. வேலை தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை.

கான்ட்ராக்டர்கள் விலை போட்டார்கள். விலை போட்டதால் அது வந்தது. யாரும் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. "பொம்பளைக்கு வசதி இல்ல" என்ற வாக்கியம் அந்த சைட்டில் செத்துப்போனது. அதை அதிகம் பயன்படுத்தியது நானோ அக்காவோ இல்லை. சைட்டைக் கூட்டித் துப்புரவு செய்யும் இரண்டு இந்தோனேசியப் பெண்களும், சாப்பாடு கொண்டுவரும் காக்கும்தான். அதுவரை அவர்கள் எங்கே போனார்கள் என்பது எந்த மினிட்ஸிலும் இல்லை.

"இத ஏன்க்கா முன்னாடியே போடல?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷம் தண்ணி குடிக்காம சைட்டுக்குப் போனேன். போன வருஷம் கிட்னில கல்லு. டாக்டரு நிறைய தண்ணி குடிங்கன்னாரு. அதான் பில்லுல ஒரு வரி போட்டேன்."

*

எழுதப்படுவதும் எழுதப்படாமல் போவதும் இந்தத் துறையில் பெரிய விஷயம். அமெரிக்காவில் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் ராபர்ட் வென்டூரியும் கணவன் மனைவி, ஒரே நிறுவனத்தின் பங்காளிகள். சேர்ந்து கட்டடம் செய்தார்கள், சேர்ந்து புத்தகம் எழுதினார்கள். 1991இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு வென்டூரிக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. பங்காளியின் வேலை கணவரின் பெயரில் போய்ச் சேர்வதைப் பற்றி ஸ்காட் பிரவுன் 1975லேயே ஒரு கட்டுரை எழுதிவைத்திருந்தார். அது வெளியானது 1989இல். பதினான்கு வருடம் அந்தக் கட்டுரை வெளியே வராமல் இருந்தது என்பதே தனிக் கட்டுரை.

2013இல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் அவர் பெயரையும் அந்தப் பரிசில் சேர்க்கவேண்டும் என்று ஒரு மனுவைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், வென்டூரியும் சேர்த்து. பழைய நடுவர் குழுவின் முடிவை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. ஆனால் 2016இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தன் தங்கப் பதக்கத்தை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது. அந்த மாணவிகளுக்கு அவர் பாட்டி வயது. மூத்தவர்தான் இளையவருக்குக் கதவைத் திறக்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுபவர் இலங்கையின் மினெட் டி சில்வா. 1918இல் பிறந்தவர். 1948இல் பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் அசோசியேட் ஆனார். அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியப் பெண். ஊருக்குத் திரும்பி, கண்டியில் பெற்றோர் வீட்டையே ஆபிஸாக்கிக்கொண்டு வேலை செய்தார். கான்கிரீட்டையும் கண்ணாடியையும் கண்டிப் பகுதிக் கைவினைஞர்களின் நெசவோடும் சுடுமண் ஓடுகளோடும் சேர்த்து வீடு கட்டினார். 1950களில் வட்டபுலுவ என்ற இடத்தில் அரசு ஊழியர்களுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பைத் திட்டமிட்டபோது, குடிவரப்போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டு வரைந்தார்.

இன்று இலங்கைக் கட்டடக்கலை என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஜெஃப்ரி பாவா. அவர் பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் கவனிப்பது வேறு. டென்மார்க்கிலிருந்து உல்ரிக் பிளெஸ்னர் என்ற இளைஞர் 1950களின் இறுதியில் இலங்கைக்கு வந்தது மினெட்டிடம் வேலை செய்யத்தான். கொஞ்ச காலத்தில் பாவாவிடம் போய்விட்டார். பாவாவுக்கு கொழும்பில் ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு நிறுவனம் இருந்தது. அங்கே வந்து வரைந்து கற்றுக்கொண்டு போனவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் தமிழரான அஞ்சலேந்திரன். அவர் தன் பங்குக்கு அம்மா வீட்டுத் திண்ணையில் மாணவர்களை வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுத்தது. பாவாவின் வீடுகளையும் தோட்டத்தையும் இன்று ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது.

மினெட்டுக்கு அப்படி ஒரு வரிசை அமையவில்லை. தன் கடிதங்களையும் புகைப்படங்களையும் வரைபடங்களையும் தானே ஒட்டிச் சேர்த்து, ஓர் ஆசியப் பெண் கட்டடக் கலைஞரின் வாழ்வும் பணியும் என்ற புத்தகத்தை உருவாக்கினார். அது வெளியான 1998லேயே இறந்தும் போனார். அவர் ஆபிஸாக வைத்திருந்த வீடு பின்னர் சிதிலமடைந்தது. கட்டடம் நல்லதாக இருந்தால் மட்டும் நின்றுவிடாது. அதைப் பற்றிப் பேச, பழுது பார்க்க, இது இன்னாருடையது என்று சொல்ல, பின்னால் ஆட்கள் வேண்டும். வழிகாட்டுவது இளையவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்றே பேசிப் பழகிவிட்டோம். மூத்தவரின் வேலை பிழைத்திருக்கவும் அது தேவை என்பதை மினெட்டின் கதையில்தான் புரிந்துகொண்டேன்.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பார்த்தால் இன்னொரு அளவில் இதே விஷயம். கட்டடக் கலைஞரான சியோங் கூன் ஹியன் 2004இல் நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கும், 2010இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கும் தலைமை நிர்வாகி ஆனார். இரண்டிலும் அவரே முதல் பெண். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிய கழகம் அது. அங்கே தலைமையில் இருப்பவர் ஒரு விதியைத் திருத்தினால் அது ஒரு நாடு முழுக்கப் போய்ச் சேரும். அந்த மாதிரி நாற்காலி உலகத்தில் சிலதான் இருக்கின்றன. கடைவீட்டு மாடியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் இருப்பதெல்லாம் ஒரு லெட்டர்ஹெட்டும் ஒரு பி.கியூ.வும்தான். அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் கேள்வி.

*

அக்கா இந்த வருடக் கடைசியில் ஆபிஸை மூடுகிறார். இந்த இடத்தில் அவரைத் தெய்வமாக்கி முடித்துவிட்டால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் விஷயம் அப்படி இல்லை. இருபத்தைந்து வருடத்தில் அவரிடம் பதினோரு பெண்கள் வேலை கற்றார்கள். நான்கு பேர் பார்ட் த்ரீ தேறினார்கள். ஒருவர் மெல்பர்னில். ஒருவர் அரசாங்க வேலையில். ஒருவர் பெரிய டெவலப்பர் நிறுவனத்தில். ஒருவர் மூன்று பிள்ளைகளோடு வீட்டில். ஆபிஸை எடுத்து நடத்த ஒருவரும் இல்லை. அவர் கோபக்காரர் என்பது ஒரு காரணம். வரைபடத்தில் கதவு தவறான பக்கம் திறந்தால் மாடிப்படி வரைக்கும் குரல் கேட்கும். ஆனால் பெரிய காரணம் அது இல்லை.

"பிடிச்சு வைக்க எங்கிட்ட என்ன இருக்கு?" என்றார் ஒரு நாள். "2023ல மகப்பேறு லீவு 60 நாள்லேருந்து 98 நாள் ஆச்சு. நல்ல விஷயந்தான். அப்பனுக்கு ஏழு நாளு. பெரிய ஆபிஸ் அந்த மூணு மாசத்துக்கு வேற ஆளப் போட்டுச் சமாளிச்சுக்கும். எங்கிட்ட ஆறு பேருல ஒருத்தி போனா, சப்மிஷன் நின்னுபோவும். திரும்பி வந்தவள அஞ்சு மணிக்குப் போகச் சொன்னேன். கிளையன்ட் ஏழு மணிக்கு மீட்டிங் வைக்கிறான். எத்தனை நாளு அவளுக்குப் பதிலா நானே போறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு பெண் மனது வைத்தால் இன்னொரு பெண்ணைத் தூக்கிவிடலாம் என்கிற மேடைப் பேச்சு இந்த இடத்தில் முடிந்துபோகிறது. மனது இருந்தது. காசும் ஆளும் இல்லை. சிறிய ஆபிஸ்களில் கற்றுக்கொள்ளும் பெண்களை அந்த ஆபிஸ்களே வைத்துக்கொள்ள முடியாத ஓர் ஏற்பாட்டில், வழிகாட்டுதலை மட்டும் பேசுவது பாதிக் கணக்கு. கூட்டம் எத்தனை மணிக்கு என்று முடிவு செய்பவர்கள் அந்த மார்ச் மாதக் கூட்டங்களுக்கு வருவதுமில்லை.

ஆபிஸில் நாற்பது குழாய்களில் பழைய டிரேசிங் தாள்கள் இருக்கின்றன. கோயில் மண்டபம், கிளினிக், எத்தனையோ வீடுகள். போன சனிக்கிழமை சிலவற்றை ஸ்கேன் செய்து கொடுத்தேன். அப்போது கேட்டேன், இவ்வளவு செஞ்சிருக்கீங்க, உங்க பேரப் போட்டு எழுதுனா என்னக்கா?

"என் பேரு பிளான்ல இருக்கு. ஊராட்சி மன்றத்துல இருக்கு. வேணுங்கறவன் தேடிப் பார்க்கட்டும். நீ வேலையப் பத்தி எழுது."

ஸ்காட் பிரவுன் கதையைச் சொன்னேன். பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். நிபந்தனையை மாற்றவில்லை. எனக்கு இதில் அவரோடு உடன்பாடு கிடையாது. அதையும் இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

*

சென்ற மாதம் ஒரு விஷயம் நடந்தது. நான் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். ஷா ஆலாமில் ஒரு கிடங்கு வேலை. அக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆர்கிடெக்ட் வேறு, முதலாளி வேறு. பி.கியூ. வந்தது. புரட்டிக்கொண்டு போனபோது பிரிலிமினரிஸ் பகுதியில் அந்த வரி இருந்தது. தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, மூடியுள்ள குப்பைத்தொட்டி. வார்த்தைக்கு வார்த்தை அக்காவுடையது. அளவையாளருக்குப் போன் போட்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "தெரியலங்க, பழைய ஃபைல்லேருந்து எடுத்தது. எல்லா வேலைக்கும் அதத்தான் யூஸ் பண்றோம்" என்றார். அளவையாளர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை, பழைய பட்டியலைத் திருத்துவார்கள். மருத்துவ மையத்தின் ஃபைல் எப்படியோ கை மாறிக் கை மாறி அவரிடம் வந்திருக்கிறது. அக்காவின் ஆபிஸ் மூடினாலும் அந்த வரி எத்தனையோ சைட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து செலவுக் குறைப்புப் பட்டியல் வந்தது. வெட்டக்கூடியவை என்று முப்பது இனங்கள். பதினேழாவதாக அந்த வரி. மிச்சமாகும் தொகை சில ஆயிரம் வெள்ளி. பக்கத்தில் கிடங்கு அளவுக்கு ஒரு கூரை இருக்கிறது. அதில் சில ஆயிரம் வெள்ளி எங்கே தெரியப்போகிறது?

எங்கள் நிறுவனத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பட்டம் வாங்கி எட்டு மாதம். அஸ்திவாரக் கணக்கு அவள் போட்டது. நான் அன்று மாலை எழுதிய பதிலில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பதினேழாவது இனத்தை வெட்ட முடியாது. ஒவ்வொரு கான்கிரீட் வேலைக்கு முன்பும் எங்கள் தரப்பில் கம்பிகளைச் சரிபார்க்க வருபவர் ஒரு பெண். இரண்டாவது, அவளுடைய முழுப் பெயர்.

பதில் இன்னும் வரவில்லை. சைட் அடுத்த மாதம் திறக்கிறது.